பார்ட்ஸ் கேட்டால் முறைப்பு! பில் கேட்டால் வெறுப்பு!

ராமநாதபுரம் – ராமேசுவரம் கரையோரத்தில் வண்டிக்காரர்கள் படும் பாடு

ராமநாதபுரம் – ராமேசுவரம் கரையோரத்தில் வண்டி ஓடினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் உள்ள குடும்பங்கள் ஏராளம். ஆட்டோ, சுற்றுலா வேன், மீன் ஏற்றும் மொபெட், ஐஸ் லாரி, விசைப்படகு... எதுவாக இருந்தாலும் சரி, அதில் ஒரு சின்னச் சாமான் தேய்ந்து போனால் அன்றைய பிழைப்பு அதோடு சரி. சாமான் விலை கொஞ்சம்தான். ஆனால் அது கிடைக்கும் வரை போகிற ஓட்டமும் வருமானமும் கொஞ்சமல்ல.

சாமான் தேய்வது யார் குற்றமும் இல்லை. இரும்பு என்றால் தேயத்தான் செய்யும். அதை வாங்கப் போகிற இடத்தில் நடக்கிற கூத்துதான் வண்டிக்காரர்களின் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது.

கவுண்டரில் போய் நின்றால் நிமிர்ந்து பார்க்க ஆள் இல்லை. பார்த்தால் பதில் இல்லை. பதில் வந்தால் சாமான் இல்லை. சாமான் இருந்தால் அது வண்டிக்குச் சேராது. சேராததைத் திருப்பிக் கொண்டு போனால், சுவரில் தொங்குகிற போர்டைக் காட்டுவார்கள். "விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்பட மாட்டாது!"

எல்லாக் கடைகளையும் ஒரே தராசில் போட்டு நிறுக்க முடியாது. பழைய சாமானைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வேணாம்ணே, உங்க வண்டிக்குச் சேராது. ரெண்டு நாள் பொறுங்க, மதுரையில இருந்து வரவழைச்சுத் தாரேன்" என்று சொல்லி அனுப்பும் நல்ல கடைகளும் இந்த ஊர்களில் உண்டு. அந்தக் கடைகளின் பேரை வண்டிக்காரர்கள் கோவில் பேரைச் சொல்வது போலச் சொல்கிறார்கள். புகாரெல்லாம் மற்ற கடைகளைப் பற்றித்தான்.

உப்புக்கு இரும்பே சாப்பாடு

மற்ற ஊர்க்காரர்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை என்பது எப்போதோ ஒரு தடவை எட்டிப் பார்க்கிற இடம். கடற்கரை ஊர்களில் அப்படியில்லை. இங்கே காற்றிலேயே உப்பு இருக்கிறது. அந்த உப்புக்கு இரும்புதான் சாப்பாடு.

கிளட்ச் கேபிளுக்குள் இருக்கும் கம்பி இழை இழையாக அறும். சைலன்சரில் ஓட்டை விழும். ரிம் பொரிந்து உதிரும். பேட்டரி முனையில் பச்சை பூக்கும். பல்பு ஹோல்டரில் துரு ஏறி, ஹெட்லைட் கண் சிமிட்டும். பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே செம்மண் மாதிரி துரு கொட்டும்.

மீன் வியாபாரிகளின் மொபெட்டுக்கு இரட்டைத் தண்டனை. பாம்பனிலும் மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் விடியற்காலையில் மீனை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற வண்டிகள் அவை. பின்னால் கட்டிய பெட்டியில் இருந்து ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் சொட்டிச் சொட்டிச் செயினிலும் பின்சக்கர பேரிங்கிலும் இறங்கும். மற்ற ஊரில் பல வருஷம் உழைக்கிற செயின் இங்கே பாதியில் பல்லைக் காட்டிவிடும்.

ஆகவே இந்தக் கரையில் வண்டி வைத்திருப்பவருக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையும் பலசரக்குக் கடை மாதிரிதான். அடிக்கடி போயே ஆக வேண்டும்.

ஒரு கடையை விட்டால்?

பெரிய நகரத்தில் ஒரு கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். சென்னை என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முழுக்க இந்த வியாபாரம்தான். பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. ராமேசுவரம் தீவில் ஒருவருக்கு அந்த வசதி ஏது? உள்ளூரில் இல்லை என்றால் ராமநாதபுரம் போக வேண்டும். ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அங்கும் இல்லை என்றால் மதுரை. அது இன்னும் 115 கிலோமீட்டருக்கு மேல்.

அந்தக் காலத்துக் கதை இன்னும் மோசம். 1914-ல் ரெயில் பாலம் வந்தது. ஆனால் ரோடு பாலம் திறக்கப்பட்டது 1988-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதிதான். அதுவரை வண்டியானாலும் சரி, வண்டிக்குச் சாமானானாலும் சரி, ரெயிலிலோ படகிலோதான் தீவுக்கு வந்தாக வேண்டும்.

இப்போது நிலைமை தலைகீழ். பாலம் வந்த பிறகு தீவுக்குள் வண்டிகள் குவிந்தன. 1964-ம் ஆண்டு புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு 2017-ல் புது ரோடு திறக்கப்பட்டது. அதற்கு முன்பு வேன்களும் ஜீப்புகளும் மணலிலும் கடல் தண்ணீரிலும் இறங்கித்தான் போய் வந்தன. கிளட்ச் பிளேட் கருகும், பேரிங்கில் மணல் ஏறும். இப்போது அரிச்சல்முனை வரை கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன.

2022-ம் ஆண்டு டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரெயில் நிறுத்தப்பட்டது. புதுப் பாலம் திறக்கப்பட்டது 2025-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி. இடைப்பட்ட இரண்டு வருஷத்துக்கு மேல் தீவுக்கு ரோடு ஒன்றே வழி. யாத்ரிகர்களைச் சுமந்தவை அத்தனையும் பஸ், வேன், கார், ஆட்டோதான். வண்டிகள் தேய்ந்தன. கடைகளுக்கு வியாபாரம் பெருகியது. மரியாதை மட்டும் அந்த அளவுக்குப் பெருகவில்லை என்பதுதான் வண்டிக்காரர்களின் மனக்குறை.

"மெக்கானிக்கைக் கூட்டிட்டு வாப்பா!"

கவுண்டரில் நடக்கும் பேச்சு எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்.

"என்ன வண்டி?"

வண்டிப் பேரைச் சொன்னால், "எந்த வருஷம்?"

வருஷத்தைச் சொன்னால், "அதுல ரெண்டு டைப் வரும். எது?"

இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாதவர்தான் பெரும்பாலோர். உடனே கடைப் பையனின் முகம் சுருங்கும். "மெக்கானிக்கைக் கூட்டிட்டு வாப்பா!" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பான். பக்கத்தில் நிற்பவர் தினமும் வருகிற மெக்கானிக்காக இருந்தால் அவருக்கு முதல் மரியாதை. அரை மணி நேரமாக நிற்கிறவர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

கேள்வி கேட்பது தப்பில்லை. உண்மையிலேயே வகைகள் பெருகிவிட்டன. 2019-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் புது இருசக்கர வண்டிகளின் பிரேக்குக்குப் புது விதி வந்தது. 2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் பி.எஸ்.6 புகை விதி வந்தது. பல வண்டிகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கும் இன்ஜெக்டரும் சென்சாரும் வந்தன. டேங்கில் எழுதியிருக்கும் பேர் ஒன்றுதான். உள்ளே இருக்கும் சாமான் வேறு.

அப்படியானால் கடைக்காரர் ஆர்.சி. புக்கைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். பழைய சாமானைக் கழற்றிக் கொண்டு வரச் சொல்லலாம். கம்பெனியின் பார்ட் நம்பர் புத்தகத்தையோ செல்போனையோ பார்த்துச் சொல்லலாம். இரண்டு நிமிஷ வேலை. அந்த இரண்டு நிமிஷம்தான் கிடைப்பதில்லை.

பெண்களின் பாடு இன்னும் சங்கடம். 2018-ல் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு மானியத்தில் ஸ்கூட்டர் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஸ்கூட்டரில் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்குப் போகும் பெண்கள் இன்று எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் நின்றால், "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியாம்மா? அவங்களை வரச் சொல்லுங்க" என்கிற பேச்சுதான். வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கு விளக்கு பல்பு வாங்கத் தெரியாதாம்!

ஒரிஜினலா, லோக்கலா?

அடுத்த தலைவலி தரம். ஒரே சாமானுக்கு மூன்று விலை சொல்வார்கள். "கம்பெனி சரக்கு இருக்கு, அடுத்தது இருக்கு, லோக்கல் இருக்கு. எது வேணும்?"

இப்படி வெளிப்படையாகச் சொல்கிற கடைக்காரர் நேர்மையானவர். லோக்கல் என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்பது தப்பே இல்லை. காசு இல்லாதவர் அதை வாங்கிப் போகலாம். லோக்கலைக் கம்பெனிச் சரக்கு என்று சொல்லிக் கம்பெனி விலைக்கே தள்ளிவிடுவதுதான் மோசடி. அட்டைப்பெட்டி அதே கலர். எழுத்தும் அதே மாதிரி. கூர்ந்து பார்த்தால் பேரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். சில நேரம் அதுவும் மாறாமல் அச்சு அசலாகவே இருக்கும்.

பல்பு போலி என்றால் பல்பு போகும். பிரேக் ஷூ போலி என்றால் ஆள் போவார். மட்டமான லைனிங் சூடு ஏறினால் பிடிக்காது. பசை விட்டு ஷூவில் இருந்து லைனிங் பிரிந்தால் சக்கரமே இறுகிக்கொள்ளும். கடல் காற்று வண்டியைத் தள்ளுகிற பாம்பன் பாலத்தின் மேல், எதிரே யாத்ரிகர் பஸ் வரும்போது இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தவர் கம்பெனியின் பேரைப் போட்டுப் போலிச் சரக்கு விற்பது 1999-ம் வருஷத்திய வணிகக் குறிச் சட்டப்படி குற்றம். 6 மாதம் முதல் 3 வருஷம் வரை ஜெயில், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. தயாரித்தவர் மட்டுமல்ல, தெரிந்தே விற்றவரும் மாட்டுவார்.

சீட்டு எழுதும் மெக்கானிக்

இன்னொரு ஊரறிந்த ரகசியம் உண்டு. மெக்கானிக் ஒரு துண்டுச் சீட்டில் சாமான் பேர்களை எழுதிக் கொடுப்பார். "இந்தக் கடையிலயே வாங்கிட்டு வாங்க. வேற கடைன்னா நான் பொறுப்பில்லை" என்பார். அந்தக் கடையில் மெக்கானிக்குக் கமிஷன் ஓடும். அது வண்டிக்காரர் கொடுக்கிற விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

எல்லா மெக்கானிக்கும் அப்படியல்ல. மட்டச் சரக்கைப் போட்டுவிட்டுப் பேரைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே நல்ல கடையைச் சொல்பவர்களும் உண்டு. வம்பு எங்கே வரும் என்றால், சாமான் கெட்டுப்போகும்போது. கடைக்காரர் மெக்கானிக்கைக் கை காட்டுவார். "மாட்டத் தெரியாம மாட்டிருப்பாரு." மெக்கானிக் கடைக்காரரைக் கை காட்டுவார். "சரக்கு சரியில்லை." நடுவில் பந்தாக உருட்டப்படுகிறவர் காசு கொடுத்தவர்.

கடலுக்குப் போகிறவர் கவலை

இந்தக் கரையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வருகிறவர்களில் படகுக்காரர்களும் முக்கியம். டீசல் பில்டர், வாட்டர் பம்ப், ஆயில் சீல், கேஸ்கட், நாசில், பெல்ட் என்று அவர்கள் சீட்டு நீளமாக இருக்கும்.

ராமேசுவரத்தில் விசைப்படகுகள் தினமும் கடலுக்குப் போவதில்லை. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளுக்கு, மற்ற நாட்கள் நாட்டுப் படகுகளுக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். சேராத ஒரு பம்ப் சீலைக் கொடுத்து அனுப்பினால், மாற்றி வாங்கி வருவதற்குள் அந்த முறை போய்விடும். ஒரு முறை போனால் படகில் போகிற அத்தனை பேருக்கும் கூலி இல்லை.

அதைவிடப் பெரிய பயம் நடுக்கடலில் எஞ்சின் நிற்பது. பாக் நீரிணையில் எல்லைக் கோடு எட்டும் தூரத்தில் இருக்கிறது. எஞ்சின் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் எங்கே கொண்டு போகும் என்று சொல்ல முடியாது. எல்லை தாண்டினால் இலங்கைக் கடற்படை காவலுக்கு நிற்கிறது. கவுண்டரில் அலட்சியமாக எடுத்துப் போட்ட சின்ன ரப்பர் சீல், ஒருவரை அந்த இடத்தில் கொண்டு போய் நிறுத்திவிடலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக் காலம். படகுகளைக் கரையேற்றி எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பது அப்போதுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் சாமான் தேடுவார்கள். அந்தச் சமயத்தில் ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்ற பேச்சும், விலை ஏறிவிட்டது என்ற பேச்சும் சேர்ந்தே கேட்கும்.

கடைக்காரர் கட்சி என்ன?

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் நியாயமாகாது. கடைக்காரர்களுக்கும் அவர்கள் தரப்பு உண்டு.

ஆயிரக்கணக்கான அயிட்டங்களை வாங்கி அடுக்க வேண்டும். எது எப்போது விற்கும் என்று தெரியாது. மாடல் மாறினால் பழைய சரக்கு அலமாரியிலேயே கிடக்கும். இந்த ஊர் உப்புக்காற்றில் அலமாரியில் கிடக்கும் சரக்கும் துருப்பிடிக்கும். மெக்கானிக்குகளும் லாரிக்காரர்களும் கடன் சொல்லி வாங்கிப் போவார்கள். நோட்டுப் புத்தகத்தில் பாக்கி ஏறிக்கொண்டே போகும். அட்டையைப் பிரித்த சரக்கை மொத்த வியாபாரி திரும்ப எடுக்க மாட்டார்.

கரண்ட் சாமான்களில் இன்னொரு தொல்லை. ஒயரை மாற்றிக் கொடுத்து ரிலேயையோ ரெகுலேட்டரையோ எரித்துவிட்டு, "வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு பாய், மாத்திக் குடுங்க" என்று கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு எண்ணெய்க் கறையோடு திருப்பிக் கொடுக்க வருகிறவர்களும் உண்டு. இதற்கெல்லாம் பயந்துதான் போர்டு தொங்குகிறது.

கம்பெனிகள் மேலும் குறை சொல்ல இடம் இருக்கிறது. பல கார்களுக்கு ஒரிஜினல் சாமான் வெளிக்கடையில் கிடைக்காது. கம்பெனியின் சொந்த டீலரிடம்தான் வாங்க வேண்டும். இது சரியா என்று டெல்லியில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. 2014-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. ஒரிஜினல் சாமான்களை வெளிச்சந்தைக்கு வராமல் தடுத்து, வாடிக்கையாளரைத் தங்கள் பிடியிலேயே வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. எப்படியானாலும், சின்ன ஊர்க் கடைக்காரர் "அது எங்களுக்கு வராதுண்ணே" என்று சொல்வதில் சில நேரம் உண்மையும் இருக்கிறது என்பதற்கு அந்த வழக்கே சாட்சி.

ஆனால் இத்தனை கஷ்டமும் சேர்ந்தாலும், பில் கேட்டவரை முறைக்க அது காரணமாகாது.

போர்டு பெரிதா, சட்டம் பெரிதா?

"விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்பட மாட்டாது" என்று போர்டு எழுதி மாட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பல கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். வாங்குகிறவர்களும் அப்படியே நினைத்துத் திரும்பிப் போகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் புதுச் சட்டம் வந்தது. 2020-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதில் இரண்டு விஷயங்கள் வண்டிக்காரர்களுக்கு முக்கியமானவை.

ஒன்று: விற்ற பொருளுக்குப் பில் கொடுக்காமல் இருப்பது முறையற்ற வணிகம்.

இரண்டு: குறைபாடுள்ள சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். பில்லில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அதற்குள் கொண்டு போக வேண்டும். எதுவும் போடவில்லை என்றால் 30 நாள்.

இங்கே ஒரு நுணுக்கம் கவனிக்க வேண்டும். சட்டம் சொல்வது குறைபாடுள்ள சரக்கு. வாங்குகிறவர் தானே தப்பான மாடலைச் சொல்லிவிட்டு, சரக்கு நன்றாக இருக்கும்போது "எனக்குச் சேரவில்லை" என்றால், அந்த 30 நாள் கணக்கு உதவாது. அங்கே கடைக்காரரின் மனசுதான் சட்டம். ஆனால் வாங்குகிறவர் சரியாகச் சொல்லியும் கடைக்காரர் வேறு சாமானைக் கொடுத்திருந்தால் தப்பு கடையின் மேல். அதை நிரூபிப்பது எப்படி? வண்டிப் பேர், வருஷம், பார்ட் நம்பர் மூன்றும் பில்லிலேயே எழுதியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

ஜி.எஸ்.டி. சட்டமும் துணைக்கு வருகிறது. பதிவு செய்த வியாபாரி 200 ரூபாய்க்கும் அதற்கு மேலும் விற்றால் பில் கொடுத்தே ஆக வேண்டும். 200-க்குக் கீழே என்றாலும் வாங்குகிறவர் கேட்டால் கொடுக்க வேண்டும். "பில் போட்டா வரி சேரும், பில் இல்லாம வாங்கிக்கிறியா?" என்று கேட்பது வாங்குகிறவருக்குச் சலுகை மாதிரித் தெரியும். உண்மையில் அந்தச் சில ரூபாய்க்காக அவர் தன் 30 நாள் உரிமையை விற்றுவிட்டுப் போகிறார்.

வரி விஷயத்தில் இன்னொரு செய்தி. பெரும்பாலான வண்டிச் சாமான்களுக்கு முன்பு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்தது. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் அது 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரியில்லாமல் 1,000 ரூபாய் பெறும் சாமான் முன்பு 1,280 ரூபாய். இப்போது 1,180 ரூபாய். நூறு ரூபாய் வித்தியாசம். பில்லை வாங்கி வரிக் கணக்கைப் பார்ப்பவருக்குத்தான் இது தெரியும்.

ஆட்டோக்காரர் நுகர்வோரா?

"நீ சம்பாதிக்கிறதுக்கு வண்டி ஓட்டுற. உனக்கு நுகர்வோர் கோர்ட்டெல்லாம் கிடையாது" என்று ஆட்டோ டிரைவர்களை மிரட்டுகிற பேச்சும் காதில் விழும். இது பாதி உண்மை. வியாபாரத்துக்காகப் பொருள் வாங்குகிறவர் நுகர்வோர் இல்லை என்பது சரிதான். ஆனால் தானே உழைத்து, சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துவதற்கு வாங்கினால் அவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் சொல்கிறது.

1995-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை விளக்கியிருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்திடம் எந்திரம் வாங்கிய லட்சுமி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் போட்ட வழக்கு அது. வழக்குப் போட்டவர் பெரிய அளவில் தொழில் செய்கிறவர் என்பதால் தோற்றுப் போனார். ஆனால் தீர்ப்பில் நீதிபதிகள் சொன்ன உதாரணம் ஏழைகளுக்குச் சாதகம். ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்; ஆட்டோவை வாங்கி வேறு ஆளை வைத்து ஓட்டினால் நுகர்வோர் இல்லை.

சொந்த ஆட்டோவைத் தானே ஓட்டுபவரும், சொந்த மொபெட்டில் மீன் விற்பவரும் தைரியமாகக் கேட்கலாம். பல வண்டிகளை ஆள் வைத்து ஓட்டும் முதலாளிகளுக்குத்தான் இந்த வழி அடைபடும்.

ராமநாதபுரத்திலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் புகார் செய்ய வேண்டும். புகார் செய்கிறவர் தான் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே போடலாம். மதுரையில் வாங்கிய சாமானுக்காக மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. காசியில் இருந்து வந்த யாத்ரிகர் ராமேசுவரத்தில் ஏமாந்தால், தன் ஊருக்குப் போயும் புகார் கொடுக்கலாம். வெளி மாநில நம்பர் பிளேட்டைப் பார்த்து விலை சொல்லும் கடைக்காரர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

சின்னப் பிரச்சினைக்கு ஆணையம் வரை போக வேண்டாம் என்று நினைப்பவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். பெட்டியில் போட்ட எம்.ஆர்.பி.யைவிட அதிகம் கேட்டாலோ, விலையும் தயாரிப்பாளர் முகவரியும் இல்லாமல் பெட்டி இருந்தாலோ, அது எடையளவுச் சட்ட மீறல். தமிழ்நாட்டில் அதைக் கவனிப்பது தொழிலாளர் துறை.

கவுண்டருக்குப் போகுமுன்...

கடைக்காரர் மாறட்டும் என்று காத்திருக்காமல் வாங்குகிறவர்களும் சில காரியங்களைச் செய்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

பழைய சாமானைத் துடைத்துக் கையோடு எடுத்துப் போக வேண்டும். அதில் பொறித்திருக்கும் நம்பரே சாமானின் ஜாதகம். ஆர்.சி. புக்கின் நகலோ, செல்போனில் எடுத்த படமோ கையில் இருக்க வேண்டும். சேசிஸ் நம்பர் தெரிந்தால் இன்னும் நல்லது.

புதுச் சாமானையும் பழையதையும் கவுண்டரிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். துளை எத்தனை, பல் எத்தனை, நீளம் எவ்வளவு என்று ஒப்பிட்ட பிறகுதான் கவரைக் கிழிக்க வேண்டும். கரண்ட் சாமான் என்றால் கடையிலேயே டெஸ்ட் செய்து காட்டச் சொல்ல வேண்டும்.

பெட்டியில் கம்பெனி பேர், முகவரி, தயாரித்த மாதம், விலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாரண்டி என்று வாயால் சொன்னால் பில்லில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். பிரேக், ஸ்டியரிங், டயர் விஷயத்தில் மட்டும் விலை பார்க்கக் கூடாது. மற்றதில் மிச்சம் பிடிக்கலாம்.

மாற்றிய பழைய சாமானை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மாற்றினாரா இல்லையா என்ற சந்தேகமும் தீரும். அடுத்த தடவை கடைக்கு எடுத்துப் போகவும் உதவும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை

மதுரையும் அதைச் சுற்றியுள்ள சீமையும் மோட்டார் தொழிலுக்குப் பேர் போனவை. டி.வி.எஸ். கம்பெனியை வளர்த்த டி.வி.சுந்தரம் ஐயங்கார் மதுரையில் இருந்துதான் தொழிலைப் பெருக்கினார். இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரி வாயுவில் ஓடும்படி செய்து பஸ்களை நிற்காமல் ஓட்டினார்கள். "இல்லை, வராது" என்று சொல்லிக் கையை விரித்திருந்தால் அன்றே பஸ் நின்றிருக்கும்.

அந்த அளவுக்கு யாரும் கேட்கவில்லை. வருகிறவரை "வாங்க" என்று சொல்ல வேண்டும். இல்லாததை இல்லை என்று உடனே சொல்ல வேண்டும். லோக்கலை லோக்கல் என்று சொல்ல வேண்டும். கேட்காமலே பில் போட வேண்டும். சேராததை, பிரிக்காமல் கொண்டு வந்தால், மாற்றிக் கொடுக்க வேண்டும். இந்த ஐந்துக்கும் முதலீடு எதுவும் தேவையில்லை.

வீட்டில் இருந்தபடியே செல்போனில் ஆர்டர் கொடுத்துச் சாமான் வரவழைக்கும் பழக்கம் கரையோர ஊர்களுக்கும் வந்துவிட்டது. அங்கே சேராததைத் திருப்பி அனுப்ப வழி இருக்கிறது. ஆனால் பிரேக் போய் நடுரோட்டில் நிற்கிறவருக்கு நாலு நாள் கழித்து வரும் பார்சல் எதற்கு உதவும்? அவருக்குப் பக்கத்துக் கடைதான் கதி. அந்தக் கடைக்கும் அவர்தான் கதி.

கவுண்டரில் இரண்டு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டு, சரியான சாமானை எடுத்துக் கொடுத்தால் போதும். பாம்பன் பாலத்தில் ஒரு வண்டி, நிற்க வேண்டிய இடத்தில் பத்திரமாக நிற்கும்.